ஏ டேஷைத் தேடிக் கல்வராயன் மலைக்கு

என் வேலை பிழை திருத்துவது. தாம்பரத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு அறிவியல் நூல்களைக் கணினியில் பக்கம் பக்கமாகக் கோத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். கருந்துளை, குவாண்டம், பெருவெடிப்பு என்று என் கையில் படாத பிரபஞ்ச ரகசியம் கிடையாது. ஒன்றும் புரிந்ததில்லை. கமா எங்கே வரும், சாய்வெழுத்து எங்கே வரும் என்பது மட்டும் அத்துப்படி.

போன ஐப்பசியில் ட்விஸ்டர் கோட்பாடு பற்றிய ஒரு நூல் வந்தது. காலமும் வெளியும் சேர்ந்த நம் உலகத்தின் வடிவத்தை, சிக்கலெண்கள் நிறைந்த வேறொரு வெளிக்குக் கொண்டுபோய் அங்கே கணக்குப் போடுகிற விஷயம் என்று பின்னட்டையில் எழுதியிருந்தது. உள்ளே எழுத்துகளின் தோளில் சின்னச் சின்னக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் ‘ஏ டேஷ், பி டேஷ்’ என்போமே, அவைதான். அதற்கு முந்தைய நூலில் கோப்பு மாற்றும்போது தப்புக் குறிகள் இதே மாதிரி முளைத்திருந்தன. ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்துப் பாராட்டு வாங்கியிருந்தேன். அந்தத் தெம்பில் இதிலும் அழித்தேன். ‘முடிந்தது’ என்று கணினி மரியாதையாகச் சொன்னது.

ஒரு வாரம் கழித்துத்தான் முன்னுரையைப் படித்தேன். டேஷ் உள்ள எழுத்தும் இல்லாத எழுத்தும் வேறு வேறு, இந்தக் கோட்பாடே அந்த வேறுபாட்டின் மேல் நிற்கிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். முதல் ஆறு அத்தியாயங்களைப் பழைய கோப்பிலிருந்து சத்தமில்லாமல் மீட்டுவிட்டேன். ஏழும் எட்டும் முடியவில்லை. அவற்றை ஆசிரியர் கையால் புதிதாக எழுதி, செல்போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். படத்தில் டேஷும் தூசியும் எண்ணெய்ப் பொட்டும் ஒரே நிறம்.

திங்கட்கிழமை நூல் அச்சுக்குப் போகவேண்டும். ஆசிரியர் ஃபர்ஹானாவுக்கு அஞ்சல் அனுப்பினால், குடும்பத் திருமணத்துக்காக விடுப்பில் இருப்பதாகத் தானாகப் பதில் வந்தது. நூல் பிரதிகளை அனுப்ப அவர் கொடுத்திருந்த முகவரி கள்ளக்குறிச்சியில் அவருடைய அண்ணன் கடை.

“ஆசிரியர் அனுப்பின போட்டோ தெளிவா இல்ல சார், நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடறேன்” என்றேன் மேலாளரிடம். அழித்தது நான் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஊரில் மழை வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே தூறிக்கொண்டே இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைவீதியில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் அந்தக் கடை பூட்டியிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்த்த டீக்கடையில் ஒதுங்கினேன்.

“பாய் தொழுகைக்குப் போயிருக்காரு, வந்துடுவாரு” என்றார் டீ ஆற்றுகிறவர். “இன்னா, தார்ப்பாய் வோணுமா?”

“இல்லீங்க. அவரோட தங்கச்சியப் பாக்கணும்.”

டீ ஆற்றும் கை நடுவானில் நின்றது. “ஃபர்ஹானா பாப்பாவையா? மெட்ராஸ்லேர்ந்து வர்றீங்களா?”

ஆமாம் என்றேன். ஒரு வடையை நான் கேட்காமலேயே தட்டில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து எனக்கு இடம்விட்டார். இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் வேகமாக நடந்தார். நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்தேன்.

கால் மணி நேரத்தில் அண்ணன் அன்வர் வந்துவிட்டார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு. கடையைத் திறக்காமல் நேராகப் பின்னாலிருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிரியாணி, தால்ச்சா, ஒரு கிண்ணத்தில் இனிப்பு. “கூச்சப்படாம சாப்டுங்க. வூட்ல லேடீஸ் யாரும் இல்ல, எல்லாம் மலைக்குப் போயிருக்காங்க. நானே வெக்கிறேன்.” தால்ச்சாவில் கத்தரிக்காய் வெண்ணெய் மாதிரி கரைந்தது. மீனைத் தவிர உலகத்தில் வேறு குழம்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளாத ஊரில் பிறந்த நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் கரண்டி விழும்போது அவர் கேட்டார்: “மாப்ள இன்னா பண்றாருங்க?”

“எந்த மாப்ள?”

புரிந்தது. முப்பத்தெட்டு வயது வரை கல்யாணம் வேண்டாமென்று வெளிநாட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்க்க, தலையில் முந்தானை போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் வந்து நின்றால் ஊர் வேறென்ன நினைக்கும்? நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

“டேஷா?”

“ஆமாங்க. எழுத்து மேல ஒரு சின்னக் கோடு. ரெண்டு அத்தியாயத்துல காணோம்.”

“கோட்டக் காணோம்னா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?” கரண்டியைக் கீழே வைத்தார். ஆனாலும் மனுஷன் நல்லவர். போட்ட பிரியாணிக்குக் குறை வைக்கவில்லை. “எங்க தங்கச்சி இன்னா பண்ணுதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க. ஒளி, ஒளின்னு சொல்லிக்கினே இருக்கும். ரொம்ப நாளு எல்.இ.டி. பல்பு கம்பெனின்னு நெனச்சிக்கினு இருந்தோம்.”

கல்யாணம் முடிந்ததும் ஃபர்ஹானாவும் சொந்தக்காரர்களும் ஒரு மஞ்சள் வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போய்க் கரியாலூரில் தங்கியிருந்தார்கள். போன் போகாது, காலையில் பஸ் ஏறுங்கள் என்றார். கிளம்பும்போது ஒரு நீலத் தார்ப்பாய்த் துண்டை வெட்டி என் பையைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். “மேல மழை ஜாஸ்தி. கோடு நனைஞ்சிடப் போவுது.”

சனிக்கிழமை பஸ் கோமுகி அணையைத் தாண்டி, ஏற்றத்தில் நான்கு வளைவு ஏறி, ஐந்தாவதில் ஒரு பெரிய பெருமூச்சு விட்டு நின்றது. டயர். “ஸ்டெப்னி கீழ டிப்போல இருக்குது” என்றார் கண்டக்டர், அது ஏதோ நல்ல செய்தி மாதிரி. பயணிகள் யாரும் பதறவில்லை. ஒரு அம்மா முடிச்சை அவிழ்த்து வேர்க்கடலை எடுத்தார். இரண்டு பேர் கல்லில் துண்டு விரித்துப் படுத்தே விட்டார்கள். சென்னையில் இதற்குள் ஒரு வாக்குவாதம், இரண்டு வீடியோ ஆகியிருக்கும்.

கிழங்கை இறக்கிவிட்டு மேலே திரும்பிக்கொண்டிருந்த ஒரு டெம்போ நின்றது. ஓட்டியவர் மாணிக்கம், கரியாலூர்ப் பக்கம் கிழங்குக் காடு வைத்திருக்கும் மலைக்காரர். முன்சீட்டில் எனக்கு இடம் கொடுத்தார். மரவள்ளியை எங்கள் ஊரில் மரச்சீனி என்போம், இங்கே குச்சிக்கிழங்கு. எங்கள் ஊரில் மீன் குழம்போடு சாப்பிடுவோம் என்றேன். “நாங்க ஆலைக்கு அனுப்பிடுவோம். அவங்க ஜவ்வரிசியா பண்ணி எங்களுக்கே விப்பாங்க” என்றார்.

மடியில் நான் கட்டிப்பிடித்திருந்த பையைப் பார்த்தார். “இன்னா உள்ள? நகையா?”

“புத்தகம். ஒளிக்கதிர் பத்தி.”

“மேல ரெண்டு நாளா கரண்ட்டு இல்ல. எடுத்துக்கினு போங்க, பிரயோஜனப்படும்.”

பெரியார் அருவிக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அன்வர் சொன்ன அதே மஞ்சள் வேன். பாறை மேல் பத்துப் பேர், இரண்டு அண்டா, ஒரு ஸ்டவ். கையில் கரண்டியோடு எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவர் அன்வரின் மனைவி என்று கேட்காமலே தெரிந்தது; பெயர் ஜரினா. ஃபர்ஹானா எங்கே என்றேன். கரண்டி அருவியைக் காட்டியது.

ட்விஸ்டர் கோட்பாட்டின் ஆசிரியர் முழு உடையோடு அருவிக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

“மேடம்! ஏழாம் அத்தியாயம்!” என்று கத்தினேன்.

“என்னது?”

“டேஷ்! டேஷக் காணோம்!”

“பேஸ்ட்டா? பைக்குள்ள பாருங்க!”

மேலாளரிடம் சொன்ன அதே போட்டோ கதையைச் சொல்லி, அது அவருக்கு முழுதாக விளங்குவதற்குள் நானும் பாதி நனைந்திருந்தேன். விளங்கியதும் அவர் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டதுதான். “ஐயோ, என் போட்டோ அவ்ளோ மோசமா? அவசரத்துல எடுத்தேன். உங்கள இவ்ளோ தூரம் அலைய வெச்சிட்டேனே.”

“பரவாயில்ல” என்றேன். நாற்பத்தேழு வயதில் இதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை நான் சொன்னதில்லை.

கரியாலூரில் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் வராந்தாவில் உட்கார்ந்தோம். பெஞ்சு ஈரம் என்று தார்ப்பாயை விரித்து, அதன்மேல் தாள்களை அடுக்கி, ஆளுக்கொரு மூலையில் கல் வைத்தோம். முதல் பக்கத்தைக் கையில் எடுத்த ஃபர்ஹானா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து வேலையைத் தொடங்கினார்.

பக்கம் பக்கமாக அவர் வாய்விட்டுப் படிக்க, நான் என் பிரதியில் குறித்தேன். ஏ, ஏ டேஷ், பி டேஷ், பி. பத்து நிமிஷத்தில் ஜரினா வந்து நின்றார்.

“இன்னா இது, ஏலம் விடற மாதிரி?”

ஃபர்ஹானா சொன்னார்: “அண்ணி, நாம எல்லாரும் ஒரு எடம், ஒரு நேரம்னு புள்ளி வெச்சி ஆரம்பிக்கிறோம். இதுல ஒளிக்கதிர்லேர்ந்து ஆரம்பிக்கிறோம். இங்க ஒரு முழுக் கதிர், அங்க வெறும் ஒரு புள்ளி. இங்க ஒரு புள்ளி, இந்த வராந்தா, இந்த நிமிஷம்னு வையுங்க, அங்க ஒரு உருண்டை. இங்கேர்ந்து இப்ப சுத்திப் பாத்தா தெரியற மொத்த வானமும் அந்த உருண்டைதான்.”

“அந்த ‘அங்க’ எங்க இருக்குது?”

“எங்கயும் இல்ல. மைனஸ் ஒன்னுக்கு வர்க்கமூலம்னு ஒரு எண் இருக்கு, சாதாரண எண்கள்ல கெடைக்காது. அதையும் சேத்துக் கட்டின வெளி.”

“இல்லாத நம்பர வெச்சி இருக்கறதக் கண்டுபிடிக்கிறியா? பல்பு கம்பெனியே தேவல.” ஆனால் அவர் போகவில்லை, உட்கார்ந்துவிட்டார். “இந்தக் கோடு எதுக்கு?”

“ரெண்டு கூட்டம் அண்ணி. கோடு இருக்கறது ஒரு கூட்டம், இல்லாதது இன்னொன்னு. ஒன்னுக்கொன்னு கண்ணாடி பிம்பம் மாதிரி. மேல ஏ டேஷ் இருந்தா கீழ இருக்கற ஏ டேஷோடதான் சேரும். கோடு இல்லாததோட சேரவே கூடாது.”

“அதானே. பொம்பள பந்தி, ஆம்பள பந்தி” என்றார் ஜரினா. “போன வாரம்தானே எண்ணூறு பேருக்கு நான் பந்தி பாத்தேன். குடு ஒரு பேப்பர.”

இருபது வருஷமாக எனக்குப் புரியாத ஒன்று அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வெளிச்சம் மங்கும் வரை மூன்று பேரும் செய்தோம். ஜரினா நடுநடுவே எழுந்துபோய் அண்டாவைக் கிளறிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தார்.

ஞாயிறு காலை எட்டாம் அத்தியாயத்தை முடித்துவிட்டு, குறித்ததைச் சரிபார்க்க மறுபடி ஏழின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தோம். சாமைச் சோற்றில் செய்த உப்புமா மாதிரி ஏதோ ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே ஜரினா விரலை வைத்தார்.

“ஃபர்ஹானா, இங்க பாரு. பொம்பள பந்தியில ஒரு ஆம்பள உக்காந்துக்கினு இருக்கான்.”

“இருக்காது அண்ணி. குறிச்சதுல தப்பு வந்திருக்கும்.” சிரித்துக்கொண்டே வாங்கினார். போனில் இருந்த தன் கையெழுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அங்கேயும் அப்படியேதான் இருந்தது. சிரிப்பு நின்றது.

“கோடு ஒன்னப் போட்டுட்டா சரியாயிடாதா?” என்றேன்.

“போட்டா இந்த வரி சரியாயிடும். அடுத்த வரி வராது.”

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனார். அப்புறம் தூறலில் இறங்கி நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி எழுதினார். மதியச் சாப்பாடு ஆறியது. கூப்பிடப்போன ஒரு மாமியை ஜரினா கையைப் பிடித்து நிறுத்தினார். “வுடுங்க. கொழந்த பெத்துக்கினு இருக்கறவள பேர் சொல்லிக் கூப்புடாதீங்க.”

மூன்று மணிக்கு ஃபர்ஹானா வந்து எதிரில் உட்கார்ந்தார். “ஏழாம் அத்தியாயத்தோட முக்கியமான தேற்றம் நிக்கல. நான் சொன்ன அளவுக்கு நிக்கல. இன்னும் கம்மியாத்தான் சொல்ல முடியும். அதுக்கும் திரும்ப எழுதணும்.”

“எவ்ளோ நாள் ஆகும்?”

“ஒரு மாசம். புத்தகம் இந்த வருஷத்துக்குள்ள வந்தாத்தான் எனக்கு அங்க வேல நிரந்தரம் ஆகும். நாளைக்கு அச்சுக்குப் போகலன்னா வராது.”

நான்தான் வாயைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம். “மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரி புத்தகத்த ஏழாம் அத்தியாயம் வரைக்கும் யாரு படிக்கப் போறா?”

“நீங்க படிச்சீங்க” என்றார். “அண்ணி படிச்சாங்க.”

வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் ஒரு வளைவில் மட்டும் போன் எடுக்கும். நாங்கள் போனபோது ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே அங்கே குடையோடு நின்று, கையைத் தூக்கித் தூக்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாணிக்கமும் டெம்போவை ஓரம் கட்டிவிட்டு ஆலைக்காரரிடம் கிழங்கு பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். ஃபர்ஹானா நின்றபடியே பதிப்பகத்துக்கு எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். நாலே வரி. ஏழாம் அத்தியாயத்தில் பிழை இருக்கிறது, பிழை முழுக்க என்னுடையது, நூலை நிறுத்திவையுங்கள். ஒரு சாக்கு, ஒரு சமாதானம் இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார்.

அதற்குமேல் நான் மறைக்கவில்லை. “மேடம், உங்க போட்டோ மேல தப்பில்ல. டேஷ எல்லாம் அழிச்சது நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்பலேர்ந்து?”

“நேத்து மொத பக்கத்துலேர்ந்து. போட்டோ மோசமா இருந்தா ஒன்னு ரெண்டு விட்டுப்போகும். ஒன்னு கூட இல்லன்னா அது போட்டோ இல்ல, ஆளு.”

“அப்ப ஏன் ஒண்ணுமே கேக்கல?”

“அவ்ளோ மழையில வந்திருந்தீங்க. அண்ணி வேற சோறு போட்டுட்டாங்க. அப்புறம் எப்படிக் கேக்கறது?”

அதே வளைவில், ஆலைக்காரரோடு சண்டை போடும் மாணிக்கத்துக்கும், மருமகளிடம் மாடு கன்று போட்டதை விசாரிக்கும் ஒரு பெரியம்மாவுக்கும் நடுவில் நின்று மேலாளரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னதில் ‘அழிச்சது நான்தான்’ என்பதை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். லைன் போய்விட்டது என்று கையை இன்னும் உயரமாகத் தூக்கினேன்.

“கேக்குது, கேக்குது” என்றார் மேலாளர். “ஏழாம் அத்தியாயம் மாறினா பக்க எண் எல்லாம் மாறுமே. பொருளடக்கம், சொல்லடைவு. யார் பாக்கறது?”

“நான்தான் சார்.”

“நீங்கதான்” என்று சொல்லி வைத்துவிட்டார். வேலை போகவில்லை. மொத்தமாக அழிக்கும் கட்டளை மட்டும் என் கணினியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு கமாவை அழிக்கவும் இரண்டு பேர் சம்மதம் வேண்டும்.

திங்கட்கிழமை அவர்கள் வேனிலேயே கீழே இறங்கினேன். பன்னிரண்டாவது ஆளாக, அண்டாவுக்கும் ஃபர்ஹானாவுக்கும் நடுவில். அவர் வழியெல்லாம் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பேனா நழுவியது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

நூல் அடுத்த வருஷம்தான் வந்தது. அவருடைய வேலை நிரந்தரமாகவில்லை. வேறு ஊரில் வேறு பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அங்கே குளிர் கம்மி என்று எழுதியிருந்தார். தேற்றம் முன்பைவிடச் சிறியதாக இருக்கிறது. ஆனால் நிற்கிறது என்றார்.

நன்றியுரையைக் கோத்தவளும் நான்தான். கடைசி வரியில், ஏழாம் அத்தியாயத்தின் பிழையைக் கண்டுபிடித்ததற்காக ஜரினாவுக்கு நன்றி சொல்லியிருந்தார். பதிப்பகத்திலிருந்து உடனே ஒரு வினா வந்தது: முனைவர் ஜரினா எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்? பெயருக்குப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும்.

இம்முறை நானாக எதையும் செய்யத் தயாரில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டு ஜரினாவிடமே கேட்டேன். பின்னணியில் குக்கர் விசிலடித்தது.

“இன்னாத்துக்கு அதெல்லாம்?” என்றார். “ஜரினா, கள்ளக்குறிச்சின்னு போடுங்க. சந்தேகம் இருக்கறவங்க நேர்ல வந்து கேக்கட்டும், சொல்றேன்.”

அப்படியே போட்டேன்.